தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் அரைக்கையை முழுக்கையாக மாற்றித் தைக்கச் சொல்லி வருகிற பெண்ணிடம் கத்தரி அக்கா காரணம் கேட்க மாட்டார். திரைக்குப் பின்னால் கூட்டிப் போவார். கையைத் தூக்கச் சொல்வார். அளவு நாடாவைச் சுற்றும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். கதவில் இடித்துக்கொண்டேன் என்று பாதிப் பேர் சொல்வார்கள். "இந்த ஊர்ல கதவுக்கெல்லாம் அஞ்சு விரல் இருக்குடி" என்பார் அக்கா. அந்தப் பெண் சிரித்தால் சிரிப்போடு போகட்டும் என்று விட்டுவிடுவார். அழுதால் திரையை இழுத்து மூடிவிட்டு, வெளியே கால்சட்டை வாங்கக் காத்திருப்பவரை அரைமணி கழித்து வரச் சொல்வார்.

அவருடைய கடை சலவைக் கடைக்கும் சாவி வெட்டுபவரின் கடைக்கும் நடுவே செருகி வைத்தாற்போல் இருக்கும். இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு இஸ்திரி மேசை, வளைகம்பியில் தொங்கும் பழுப்புத் திரை. புதுத்துணி தைப்பது கிடையாது. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது, பல்லிளித்த ஜிப்பை மாற்றுவது, இதுதான் பிழைப்பு. கத்தரி என்ற பெயர் துணி வெட்டுவதால் வந்ததில்லை. யாராவது கதையை நீட்டினால், "சரி, எங்க பிடிக்குது, அதைச் சொல்லு" என்று நறுக்கிவிடுவார். தன் கதையையும் அப்படித்தான் நறுக்கி வைத்திருந்தார். ஒருமுறை நானாகக் கேட்டபோது, "பதினோரு வருஷம் கதவோட குடும்பம் நடத்தினேன். அப்புறம் ஒரு மிஷினைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன்" என்றார். 

எனக்கு இரண்டு மொழி எழுதத் தெரியும். ஊரில் இருந்தவரை அது பெருமையாக இருந்தது. பிழைக்க வந்த இந்த நாட்டில் அது சம்பளமில்லாத உத்தியோகம். எங்கள் மொழிக்காரர்களின் விண்ணப்பம், மருத்துவமனைக் கடிதம், பள்ளிக்கூடப் புகார் எல்லாம் என் சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்து சேரும். ஒரு சொல்லைத் தப்பாக எழுதிவிட்டால் யாருக்கு என்ன ஆகுமோ என்று, மடித்து உறையில் போட்ட தாளை மறுபடி பிரித்துப் படிக்கிற வியாதி எனக்கு உண்டு. கத்தரி அக்கா கொண்டுவந்த தாளையும் அப்படித்தான் நாலு முறை படித்தேன். நகராட்சி மருத்துவ நிலையத்தின் சுவரில் ஒட்டியிருந்ததாம். நான்கு மூலையிலும் பசை காய்ந்திருந்தது. வீடுகளில் நடக்கும் அடி உதையையும் கொடுமையையும் தடுப்பதற்கு மக்களிடையே வகுப்பு நடத்துகிற சிறு அமைப்புகளுக்குச் சிறு மானியம் தருவதாக அதில் இருந்தது.

"திரை பத்தல. இவ உள்ள நிக்கறா, புருஷன் வெளிய ஸ்டூல்ல உக்காந்து காலாட்டிக்கிட்டு இருக்கான். எனக்குக் கதவு வச்ச ஒரு ரூம் வேணும்" என்றார் அக்கா. சனிக்கிழமைதோறும் ஆறு வாரம் வகுப்பு. சட்டம் தெரிந்த ஒரு பெண்மணி வந்து உட்கார வேண்டும். எந்தக் காகிதத்தை எங்கே பிரதி எடுத்து வைப்பது, யாரிடம் எந்தச் சொல்லைச் சொன்னால் ஆபத்து என்று புரியும், எந்த எண்ணை மனப்பாடம் செய்வது, இதைச் சொல்லித்தர வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

தனி ஆளுக்குத் தரமாட்டார்கள், பதிவு பெற்ற அமைப்புக்குத்தான் என்று தாளின் அடியில் இருந்தது. எங்களிடம் இருந்த ஒரே பதிவு பெற்ற அமைப்பு எங்கள் மொழிக்காரர்களின் சங்கம்.

நிர்வாகக் குழுவில் ஐந்து ஆண்கள். அக்காவும் நானும் போன அன்று தட்டு நிறைய பிஸ்கட் வைத்திருந்தார்கள். தலைவர் ஒரு பெரிய நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பவர் போலப் பேசுவார். தாளைக் கையில் வாங்காமலே, நம்மவர்களில் இப்படிப்பட்டவர்கள் யாரும் கிடையாது, இதெல்லாம் மற்றவர்களுடைய வியாதி என்றார். அப்புறம் வாங்கிப் படித்தார். நகராட்சியின் முத்திரை கண்ணில் பட்டதும் குரல் மாறியது. நகராட்சி மானியம் வாங்கிய முதல் சங்கம் என்று ஆண்டு மலரில் போடலாம் என்றார். பிஸ்கட் துணுக்கு ஒட்டிய உதட்டோடு அவர் சிரித்தபோது நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் முட்டியைத் தட்டினார், பேசாமலிருக்கச் சொல்லி.

ஒரே ஒரு சங்கடம் என்றார் தலைவர். தலைப்பில் "வன்முறை" என்று வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "இனிய இல்லறம்" என்று வைத்துக்கொள்ளலாமே.

"தையல் வகுப்புன்னு போடுங்க" என்றார் அக்கா.

ஐவருக்கும் பேரானந்தம். சங்கத்தின் மானம் தப்பியது என்று அவர்கள் நினைத்தார்கள். அக்காவின் கணக்கு வேறு. தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றால் எந்தப் புருஷனும் தடுக்க மாட்டான், கூடவும் வர மாட்டான். நகராட்சிக்குப் போன தாள்களில் மட்டும் உண்மைப் பெயர் இருந்தது. அதை எழுதியவன் நான்.

மானியம் வந்தது. சங்கத்துக் கட்டடத்தில் ஓர் அறை தந்தார்கள். முதல் சனிக்கிழமை நான்கு பெண்கள். மூன்றாவது சனிக்கிழமை பதினொரு பேர். எல்லோரும் கையில் ஒரு துணித்துண்டும் ஊசியும் கொண்டுவந்தார்கள். சட்டக்காரம்மா பேசப் பேச இவர்கள் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்தார்கள், வீட்டில் காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே. பெயர் எழுதும் பதிவேடு வைக்க அக்கா ஒப்பவில்லை. கடையில் துணிக்குத் தருகிற எண் வில்லையைத்தான் ஆளுக்கொன்று கொடுத்தார். பதினேழாம் எண், இருபத்திரண்டாம் எண் என்றுதான் குறிப்பில் இருக்கும்.

ஒன்பதாம் எண் ஒரு ரொட்டிக்கடையில் பொட்டலம் கட்டுகிற பெண். வயது முப்பது இருக்கலாம். முழுக்கை கேட்டுக் கடைக்கு வந்தவள்தான். வகுப்பில் அவள் மட்டும் கேள்வி கேட்பாள். அதுவும் மற்றவர்கள் கிளம்பிய பிறகு, கதவருகே நின்றபடி. நான்காவது வகுப்புக்குள் அவள் முடிவெடுத்துவிட்டாள். கடவுச்சீட்டும் பிறப்புச் சான்றிதழும் கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் கடைக்கு வந்து சேர்ந்தன. ஆறாவது வகுப்பு முடிந்த மறுவாரம் அவள் வீட்டை விட்டுப் போவதாக ஏற்பாடு. அவள் கணவனை எங்கள் சங்கத்தில் தங்கமான பிள்ளை என்பார்கள். எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவான். அந்த வகுப்புக்கும் வெள்ளிக்கிழமை மாலையே வந்து நாற்காலி போட்டுவிட்டுப் போனவன் அவன்தான்.

இந்த இடத்தில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வகுப்பைப் பற்றி உங்கள் மக்களுக்கு எப்படித் தெரிவிக்கிறீர்கள் என்று நான்கு வரி எழுதி அனுப்பச் சொன்னார்கள். கூடவே ஒரு வழிகாட்டி. வருகிறவர்களின் பெயரையும் படத்தையும் எங்கும் வெளியிடக் கூடாது என்று அதன் நாலாம் பக்கத்தில் இருந்தது. நான் அதைத் தலைவருக்கும் செயலாளருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆனால் அவர்கள் ஆண்டு விழா மேடைக்குப் பூந்தொட்டி எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. சொன்னோமே, போதும் என்று வந்துவிட்டேன்.

செயலாளருக்குத் தந்தி என்று பட்டப்பெயர். யார் வீட்டில் கார் வாங்கினாலும் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அரைமணியில் எல்லோர் கைப்பேசிக்கும் செய்தி போய்விடும். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது, அதுதான் தொல்லை. நகராட்சி கேட்கிறதே என்று ஐந்தாவது சனிக்கிழமை வந்தார், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ஒரு படம் எடுத்தார். யார் யார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. எல்லோரையும் முகம் பார்த்தே இன்னார் வீட்டம்மா என்று அவருக்குத் தெரியும். "குடும்ப வன்முறைத் தடுப்பு வகுப்பில் ஆர்வத்துடன் பங்கேற்ற சகோதரிகளுக்கு நன்றி" என்று தலைப்பிட்டு, திருமதி இன்னார், திருமதி இன்னார் என்று பதினொரு பெயர்களையும் போட்டு, படத்தோடு சங்கத்தின் கைப்பேசிக் குழுவுக்கு அனுப்பினார். கடைசியில் கைகூப்பும் பொம்மைப் படம் மூன்று போட்டிருந்தார்.

அந்தக் கைப்பேசிக் குழு என்னவென்று சொல்லவேண்டும். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து சந்தா குடும்பத்துக்கு ஒன்று. படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர், குடும்பத் தலைவர் எண், அவ்வளவுதான் கட்டம். இருபது வருஷமாக அதை யாரும் மாற்றவில்லை. ஆகவே அந்தக் குழுவில் ஒரு பெண் கிடையாது. அடிக்கிறவனிடமிருந்து தப்புவது எப்படி என்று படிக்கப் போனவர்களின் பட்டியல், நேராக அடிக்கிறவர்களின் சட்டைப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் பதில் போட்டது அந்தத் தங்கமான பிள்ளைதான். கட்டைவிரல் உயர்த்திய படம்.

ஆறாவது சனிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி விதவை. இன்னொருத்திக்குக் கணவன் வெளிநாட்டில். சட்டக்காரம்மா காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் எண்ணை யாராவது பார்த்தீர்களா என்றுதான் கேட்டார். யாரும் பார்க்கவில்லை.

அன்றே அக்கா தலைவர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். தந்தியும் அங்கே இருந்தார்; முகம் செத்துப்போயிருந்தது. நல்லெண்ணத்தில் செய்தது, நல்லெண்ணத்தில் செய்தது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தலைவருக்கு முகம் வாடக்கூட இல்லை.

"ஏம்மா, வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம ஒரு வகுப்புன்னா, அது என்னம்மா வகுப்பு?" என்றார். "ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தச் சொல்லிக் குடுக்கறதுக்கா நகராட்சி காசு குடுக்குது?"

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்வீங்க?"

"அந்தப் பையனையா சொல்ற? நம்ம கண்ணு முன்னால வளர்ந்த பையன்மா. அவன் வந்து என்கிட்ட அழுதான். ஊர் முன்னால என்னை அவமானப்படுத்திட்டாங்களே அண்ணான்னு."

அவன் அழுததை அவர் வருத்தமாகச் சொன்னார். அவள் எங்கே என்று கேட்கவில்லை.  நாலாம் பக்கத்தை இவர்களிடம் முணுமுணுத்துவிட்டு வந்தவன் நான்தான்.

அக்கா அடுத்து செய்தது சாதாரணமான காரியம். ரொட்டிக்கடைக்காரர்களின் மேலங்கிகளை வருஷத்துக்கு ஒருமுறை அவர்தான் பழுது பார்ப்பார். அந்த வருஷம் இரண்டு மாதம் முன்பாகவே போய்விட்டார், ஆளாளுக்கு அளவெடுக்கவேண்டும் என்று. முதலாளியம்மா சரக்கு அறையைத் திறந்துவிட்டார். மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். ஏழாவதாக அவள் வந்தாள். வேலைக்கு அவனே கொண்டுவந்து விட்டு, வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்து, அவனே கூட்டிப் போகிறானாம். கைப்பேசி அவனிடம். இடது பக்கம் அளவெடுக்க அக்கா நாடாவைக் கொண்டுபோனபோது அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் வரல. என்னை விட்டுடுங்க" என்றாள்.

அக்கா அவளிடம் வாதாடவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டே, பின்பக்கம் மாவு இறக்குகிற கதவு செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்குத் திறந்திருக்கும், அவன் உட்கார்ந்திருப்பது முன்பக்கம் என்று மட்டும் சொன்னார். முதலாளியம்மாவிடம் பேசியாயிற்று. சட்டக்காரம்மா அந்த இரண்டு நாளும் பின்தெருவில் வண்டியோடு இருப்பார், எத்தனை வாரமானாலும்.

"வந்தா வா. வரலைன்னா ஜிப்பு மாத்தவாவது வா. உன் காகிதமெல்லாம் பத்திரமா இருக்கு."

மூன்று செவ்வாய், மூன்று வெள்ளி சும்மா போயின. சட்டக்காரம்மா வண்டியில் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தாராம். நான்காவது செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், மாவு படிந்த செருப்போடு அவள் பின்கதவு வழியாக நடந்து வந்து வண்டியில் ஏறினாள். முன்பக்கம் அவன் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மதியம் இரண்டு மணி வரை அவனுக்குத் தெரியாது.

எந்த ஊருக்குப் போனாள் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அக்காவுக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கூசுகிறது. பெண்டாட்டி ஓடிப்போன பிள்ளை என்று சங்கமே உச்சுக்கொட்டியது. அவன் வீட்டுக்குச் சாப்பாடு போனது. மனம் நொந்து போகக்கூடாது, நாலு பேரோடு கலந்து பழகட்டும் என்று அவனை நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பதினொரு பெண்களில் ஏழு பேர் அக்காவின் கடைப் பக்கமே வருவதில்லை. வரவிடுவதில்லை என்பதுதான் சரி. குடி கெடுக்கிறவள் என்று பெயர் வைத்தாயிற்று. அக்கா அதைக் கேட்டுவிட்டு, கத்தரியைவிட நல்லாத்தான் இருக்கு, ஆனா நீளம் ஜாஸ்தி என்றார்.

மானியத்தின் இறுதி அறிக்கைக்கு நாள் நெருங்கியது. தலைவர் என்னை அழைத்தார். படிவத்தின் கடைசிக் கேள்வி, வகுப்பினால் ஒருவருடைய வாழ்வில் ஏற்பட்ட மாற்றத்தைச் சொல்லவும் என்பது. அவர் அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தார்.

"அந்த ரொட்டிக்கடைப் பொண்ணு பத்திரமா இருக்காளாமே. அதை எழுதிடுங்க. பேரெல்லாம் வேண்டாம். சங்கத்தோட முயற்சியால ஒரு பெண் மீட்கப்பட்டார்னு."

அவரைப் பார்த்தேன். கண்ணில் ஒரு கூச்சமும் இல்லை. பக்கத்து அறையில் புது நிர்வாகக் குழு உறுப்பினர் ஆண்டு விழாவுக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தான். அவனை மடியிலும் அவளை மலரிலும் வைத்துக்கொள்ள இவரால் முடிந்தது. புழு நெளிகிற பழத்தைப் பழக்கடைக்காரன் திருப்பி வைத்து அடுக்குவான் அல்லவா, அந்த நிதானம்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். எழுதுங்க என்றார் அவர். நான் திகைத்தேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்:

"நடந்ததை எழுதுங்க. படம் எடுத்தது யாரு, எந்தக் குழுவுக்குப் போச்சு, அந்தக் குழுவுல யார் யார் இருக்காங்க, எல்லாம் எழுதுங்க. மீட்டாங்கன்னா யாருகிட்டேயிருந்து மீட்டாங்கன்னும் வரணுமில்ல?"

எழுதினேன். நாலாம் பக்கத்தை நான் ஒழுங்காகச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். போடவேண்டாம் என்றுவிட்டு, அக்காவே வகுப்பு நடத்தியவர் என்ற இடத்தில் போட்டு நகராட்சிக்கு நேரே கொடுத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது: சங்கத்துக்கு இனி இந்த மானியம் இல்லை. ஆண்டு மலரில் மட்டும் நகராட்சி முத்திரை வந்தது. மலர் முன்பே அச்சுக்குப் போயிருந்தது.

அதற்கு அடுத்த வாரம், திங்கட்கிழமை காலை, அந்தத் தங்கமான பிள்ளை அக்காவின் கடைக்கு வந்தான். சட்டை தைக்கவேண்டும் என்றான். இங்கே புதுத்துணி தைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். இல்லை என்று சொன்னால் பயப்படுகிறாள் என்று நினைப்பான்; பயப்படுகிறாள் என்றால் பெண்டாட்டி இருக்கும் இடம் தெரிந்துதான் பயப்படுகிறாள் என்று முடிவுகட்டுவான். துணியைக் கொடுங்க என்றார் அக்கா. திரைக்குப் பின்னால் அவனைக் கூட்டிப் போகவில்லை. வாசல் வெளிச்சத்திலேயே நிற்கவைத்து அளவெடுத்தார். தோள், மார்பு, கை. கழுத்துக்கு வந்தபோது அவன் குனிந்து, மெதுவாக, சொந்த அக்காவிடம் கேட்பதுபோல் கேட்டான்.

"அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதுன்னு என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கக்கா."

"பேசாதீங்க. பேசினா கழுத்தளவு மாறிடும்" என்றார் அக்கா. அளவைக் குறித்துக்கொண்டார். வியாழக்கிழமை வரச் சொன்னார்.

இதைச் சொல்லும்போதும் அவர் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். அவன் வியர்வை நாடாவில் ஒட்டிக்கொண்டதாம். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை என்றார். அந்தச் சட்டையை மூன்று நாள் தைத்திருக்கிறார். காலரை இரண்டு முறை பிரித்துத் தைத்திருக்கிறார். பொத்தான் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் யாருக்கும் இவ்வளவு கவனமாகத் தைத்ததில்லையாம்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவனுக்குப் போய் எதற்கு அக்கா இவ்வளவு என்று கேட்டேன்.

"எங்கயாவது ஒரு இடத்துல பிடிச்சா, அதைச் சாக்கா வச்சு மறுபடியும் வந்து நிப்பான்" என்றார். "போட்டுப் பார்த்தான். எங்கயும் பிடிக்கல. போயிட்டான்."

பிறகு எழுந்து, கையைக் கழுவப் போனார்.